வியாழன், ஒன்பது மணி, காலி

1

இந்தக் கதையின் முதல் வரைவை நான் அலுவலக நேரத்தில், அலுவலகக் கணினியில் எழுதினேன். அது கதை என்று அப்போது எனக்கே தெரியாது. 'திங்கள் கூட்டம்: குறிப்புகள்' என்று தலைப்புப் போட்டு, ஒன்பது பேருக்கு அனுப்பிவிட்டு, காப்பி குடிக்கப் போய்விட்டேன். அதில் ஒரு வரி பொய். அந்த ஒரு வரியைத் திருத்தத்தான் நான்கு வருடமாக இதைத் திரும்பத் திரும்ப எழுதிக்கொண்டிருக்கிறேன். திருத்தம் ஒரே வரி. கதைதான் நீண்டுகொண்டே போகிறது. பயந்தவன் எழுதினால் அப்படித்தான் ஆகும்.

அமெரிக்காவில், பர்பேங்க் என்ற ஊரில் ஒரு தொலைக்காட்சி நிறுவனம். (பெயர் கேட்காதீர்கள். நீங்களாக ஒன்றை ஊகித்தால் அது தப்பாகத்தான் இருக்கும்.) அதன் நான்காம் மாடியில் ஓர் அறை. எந்த நிகழ்ச்சி எந்தக் கிழமை எத்தனை மணிக்கு என்று அங்கேதான் முடிவாகும். நான் மூலையில் உட்கார்ந்து, யார் என்ன சொன்னார்கள் என்று தட்டச்சு செய்கிறவன். அங்கே என் பெயர் சேத். சேதுராமன் என்று முழுசாகச் சொல்லத் தெரிந்தவள் அந்த மாடியில் ஒருத்திதான். அவளும் கோபம் வந்தால்தான் அப்படிக் கூப்பிடுவாள்.

அவளிடமிருந்து தொடங்கலாம் என்று பார்த்தேன்.

"டோரீன் கவால்சிக் இருபத்தெட்டு வருடத்தில் ஒரு அட்டையைக்கூடக் கீழே தவறவிட்டதில்லை" என்று எழுதினேன். அடித்துவிட்டேன். அப்படி எழுதினால், ஏதோ அட்டை கீழே விழப்போகிறது என்று உங்களுக்கு இப்போதே தெரிந்துவிடும். (தெரிந்துவிட்டதா? சரி, போகட்டும். விழத்தான் போகிறது.)

"அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பயம் மே மாதத்தில் வரும்" என்று இன்னொரு தொடக்கம் இருந்தது. இது பரவாயில்லை. இதையே வைத்துக்கொள்வோம்.

2

அமெரிக்கத் தொலைக்காட்சிக்காரர்களுக்குப் பயம் மே மாதத்தில் வரும்.

புதுத் தொடர்கள் எல்லாம் செப்டம்பரில்தான் ஆரம்பமாகும். எவை வரும், எவை போகும் என்பதை மே நடுவில் நியூயார்க்கில் விளம்பரதாரர்களை எல்லாம் ஓர் அரங்கில் கூட்டி, மேளதாளம் இல்லாத குறையாக அறிவிப்பார்கள். அதற்கு முந்தைய மூன்று வாரம் எங்கள் ஊரில் யாருக்கும் சாப்பாடு இறங்காது. எழுத்தாளர், நடிகர், ஒப்பனைக்காரர், தச்சர், அவர்களுக்கெல்லாம் மதியச் சாப்பாடு கொண்டுவருகிறவர் என்று அத்தனை பேருக்கும் இதே கதிதான். தொலைபேசி அடித்தால் தூக்கிவாரிப் போடும். அடிக்காவிட்டால் அதைவிட மோசம். பிறகு ஒரு நாள் அழைப்பு வரும். உண்டு, அல்லது இல்லை. உண்டு என்றால் அடுத்த மே வரைக்கும் மூச்சு விடலாம். இல்லை என்றால் ஒரு வாரம் அழுதுவிட்டு வேறு வேலை தேடலாம். கொடுமைதான், மறுக்கவில்லை. ஆனால் அந்தக் கொடுமைக்கு ஒரு கரை இருந்தது.

அந்த மூன்று வாரமும் எங்கள் அறையில் எல்லோரும் ஒரு சுவரையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சுவர் முழுக்க இரும்புப் பலகை. அதில் கிழமைக்கு ஒரு பத்தி, மணிக்கு ஒரு வரிசை. ஒவ்வொரு தொடருக்கும் ஒரு காந்த அட்டை. மருத்துவமனைக் கதை என்றால் பச்சை, போலீஸ் நீலம், சிரிப்பு மஞ்சள், ஆட்டம் பாட்டம் போட்டி எல்லாம் சிவப்பு. யார் முடிவெடுத்தாலும் அட்டையை எடுத்து ஒட்டுகிற கை டோரீனுடையது மட்டும்தான். அது எழுதாத சட்டம்.

இன்னொரு சட்டமும் உண்டு. பலகையில் ஒரு அட்டை இல்லை என்றால், அது எங்கே என்று யாரும் கேட்கக் கூடாது.*

* ஏன் என்று நான் சேர்ந்த புதிதில் டோரீனிடம் கேட்டேன். "கேட்டா, அது உன் புள்ள ஆயிடும்," என்றாள். "அப்புறம் அது தோத்தா நீ தோத்த. செத்த தொடருக்கு இந்த ரூம்ல யாரும் சொந்தக்காரன் கிடையாது. புரிஞ்சுதா?" புரிந்தது. நான் சீக்கிரம் புரிந்துகொள்கிறவன், அதுதான் என் கேடு.

3

கர்ட்டிஸ் வான்டர்மீர் வந்தது நான் சொல்கிற வருடத்தின் கோடையில். எங்கள் அட்டவணைத் துறையின் புதுத் தலைவர். முப்பத்தெட்டு வயது, நல்ல உயரம், உட்கார்ந்தால் முழங்கால் ஆடிக்கொண்டே இருக்கும். வந்த இரண்டாம் வாரம் எல்லோரையும் கூட்டிவைத்துச் சொன்னான்.

"இனிமே சீசன்னு ஒண்ணு கிடையாது. செப்டம்பர் கிடையாது, மே கிடையாது. வருஷம் பூரா, அம்பத்திரண்டு வாரமும் புதுசு புதுசா வந்துகிட்டே இருக்கும். பாக்கறவங்க வருஷம் பூரா பாக்கறாங்க இல்ல? நாம மட்டும் ஏன் கோடைல கடையச் சாத்தணும்?"

தப்பாக ஒன்றும் சொல்லவில்லை. மற்ற நிறுவனங்களும் அந்தப் பக்கம்தான் போய்க்கொண்டிருந்தன. எல்லோரும் தலையாட்டினோம். அப்போது எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை: மே மாதம் ஒழிந்தால் பயம் ஒழியாது, அது மற்ற பதினோரு மாதத்துக்கும் பரவிவிடும்.

பரவியது. வாராவாரம் திங்கட்கிழமை பலகை மாறியது. போன வாரம் இருந்தது இந்த வாரம் இருக்காது. ஏப்ரலில் இருந்தது நவம்பருக்குத் தாவும். எந்த மாற்றம் யார் சொல்லி நடந்தது, எந்த மின்னஞ்சலை நாம் பார்க்காமல் விட்டோம் என்று ஒருவருக்கும் நிச்சயமில்லை. ஆகவே எல்லோரும் எல்லாம் தெரிந்த மாதிரி முகத்தை வைத்துக்கொண்டோம்.

பிறகு அந்தப் பலகை. ஒரு வாரத்துக்கு என்று செய்த சுவரில் ஐம்பத்திரண்டு வாரத்தை அடைக்க வேண்டும். சுவர் வளராது. அதனால் அட்டைகளைச் சிறிதாக்கினார்கள். முன்பு உள்ளங்கை அளவு இருந்தது, இப்போது விரல்நகம் அளவு. பின்னால் ஒட்டிய காந்தமும் மெலிந்துபோயிற்று.

"இது நிக்காது," என்றாள் டோரீன், புதுப் பெட்டியைப் பிரித்த அன்றைக்கு.

"அப்போ போர்டையே எடுத்துடலாமா?" என்றான் கர்ட்டிஸ். சிரித்துக்கொண்டுதான் சொன்னான். "கம்ப்யூட்டர்லயே எல்லாத்தையும் வெச்சுக்கலாமே டோரீன். நமக்கு இன்னும் போர்டு வேணுமான்னு மேல கேக்கறாங்க."

பலகை வேண்டுமா என்றால் டோரீன் வேண்டுமா என்றுதான் அர்த்தம். அதற்குப் பிறகு அவள் காந்தத்தைப் பற்றி வாயே திறக்கவில்லை.

4

நவம்பரில் ஒரு திங்கட்கிழமை, காலை பத்து மணி. கூட்டம்.

இங்கே நான் சுருக்கமாகச் சொல்லிவிட்டுத் தப்பிக்கலாம். ஆறாம் வரைவில் அப்படித்தான் செய்தேன். இப்போது முழுசாகவே சொல்கிறேன்.

பலகையில் பிப்ரவரி முதல் வாரம், வியாழக்கிழமை, இரவு ஒன்பது மணிக் கட்டம். அங்கே 'டென் மைல் கிளினிக்' என்ற தொடரின் பச்சை அட்டை இருக்க வேண்டும். மலையடிவாரத்தில் ஒரு சின்ன மருத்துவமனை, இரண்டு நர்ஸ், ஒரு குடிகார டாக்டர். ஆறு அத்தியாயம் எடுத்தாயிற்று, ஏழாவது படப்பிடிப்பில். அந்தத் தொடரை எழுதி நடத்துகிறவள் யோலண்டா அர்ரியோலா, டோரீனின் இருபது வருடச் சிநேகிதி.

அந்தக் கட்டம் காலியாக இருந்தது.

டோரீன் பார்த்தாள். அவள் பார்க்காமல் இருப்பாளா? பார்த்ததும் அவள் நினைத்தது இது: 'கர்ட்டிஸ் எடுத்துட்டான்.' ஏனென்றால் அந்த மாதத்தில் இரண்டு தடவை அவன் சனிக்கிழமை வந்து, சட்டத்தை மீறித் தானே அட்டைகளை நகர்த்தியிருந்தான். கேட்டால் பலகை வேண்டுமா என்ற பேச்சு மறுபடி வரும். அவள் வாயை மூடிக்கொண்டாள்.

கர்ட்டிஸும் பார்த்தான். அவன் நினைத்தது: 'மேல இருந்து எடுத்துட்டாங்க.' மேல் என்றால் ஆறாம் மாடி, நிறுவனத் தலைவி. வெள்ளிக்கிழமை அந்தம்மா எங்கள் மாடிப் பக்கம் வந்துபோனது எல்லோருக்கும் தெரியும். தன்னிடம் சொல்லாமல் எடுத்திருக்கிறார்கள் என்றால், தனக்கும் நாள் நெருங்கிவிட்டது என்றல்லவா அர்த்தம்? அவன் முழங்கால் மேசைக்கடியில் படபடவென்று ஆடியது. கேட்டால் தனக்குத் தெரியாது என்பது வெளியே தெரிந்துவிடும். ஆகவே தெரிந்த மாதிரி பேசினான்.

"வியாழன் ஒன்பது. காலி. நல்லது. அந்த டான்ஸ் போட்டிய அங்க போடலாமா?"

விளம்பரப் பிரிவுக்காரி கட்டத்தைப் பார்த்தாள், கர்ட்டிஸைப் பார்த்தாள். "சூப்பர்," என்றாள். ஆய்வுப் பிரிவு ஆசாமி ஒரு தாளைப் புரட்டி, "வியாழக்கிழமை டான்ஸ் எடுபடும்," என்றான். அந்தத் தாள் சென்ற வருட விடுமுறைப் பட்டியல். நான் பக்கத்தில் இருந்ததால் பார்த்தேன். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு அந்த அறையில் ஒன்பது பேர் வாயிலும் கொழுக்கட்டை.

டோரீன் எழுந்துபோய் ஒரு சிவப்பு அட்டையை ஒட்டினாள். பலகைக் கணக்கில், டென் மைல் கிளினிக்கில் வேலை செய்த நூற்று நாற்பது பேருக்கும் வேலை போயிற்று. கூட்டம் நாற்பது நிமிடத்தில் முடிந்தது.

5

எல்லோரும் போன பிறகு நாற்காலிகளை மேசைக்கடியில் தள்ளி ஒழுங்கு செய்வது டோரீனின் வழக்கம். ஒரு நாற்காலியின் இரும்புக் காலில் பச்சையாக ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. குனிந்து எடுத்தாள்.

டென் மைல் கிளினிக்.

யாரும் எடுக்கவில்லை. அதுவாக விழுந்திருக்கிறது.

(அது யாருடைய நாற்காலி என்று கேட்பீர்கள். என்னுடையது. இதைப் பற்றி அப்புறம் பேசுவோம். பேசாமல் தப்பிக்கப் பார்த்தால் நீங்கள் விடாதீர்கள்.)

என் நாற்காலியிலேயே உட்கார்ந்தாள். விரல்நகம் அளவு அட்டை, அதைக் கீழே வைக்கவும் தோன்றவில்லை, பலகையில் ஒட்டவும் தைரியமில்லை. புதன்கிழமை பன்னிரண்டு மணிக்குப் புது அட்டவணை பத்திரிகைகளுக்குப் போகும். அதற்குக் கால்மணி முன்னால், மரபுப்படி, யோலண்டாவுக்கு ஓர் அழைப்பு போகும். வியாழன் காலை ஒன்பதாம் எண் படப்பிடிப்புத் தளத்தில் மருத்துவமனை செட்டைப் பிரித்துப்போடுவார்கள், டான்ஸ் மேடை வர வேண்டுமே. பிரித்த பிறகு பிரித்ததுதான், யாராலும் திரும்ப எழுப்ப முடியாது. பன்னிரண்டு மணிக்கு முன்னால் சொன்னால் ஒரு தொடர் பிழைக்கும். சொன்னால், அட்டை விழுந்ததைக்கூடக் கவனிக்காத டோரீன் எதற்கு என்று கேட்பார்கள். சாகிறது யோலண்டாவின் தொடரா, தன் வேலையா?

மூன்றாம் வரைவில் டோரீனைக் கோழை என்று எழுதியிருந்தேன். நான்காம் வரைவில், அவளுக்கு இந்தப் பலகையை விட்டால் வேறு உலகம் தெரியாது, பாவம், என்று உருக்கமாக ஒரு பக்கம். இரண்டும் குப்பை. அவளுக்கு வேறு உலகம் நிறையத் தெரியும். கயாக் படகு ஓட்டுவாள், சீட்டாட்டத்தில் என்னை ஒரு தடவைகூட ஜெயிக்க விட்டதில்லை. ஐம்பத்தாறு வயதில் வேலை போனால் இந்த ஊரில் இன்னொன்று கிடைக்காது என்று பயந்தாள். அவ்வளவுதான். இதற்கு நான் அலங்காரம் செய்ய வேண்டியதில்லை.

செவ்வாய்க்கிழமை மதியம் யோலண்டாவோடு சாப்பாடு. மாதம் ஒரு தடவை ஆலிவ் அவென்யூவில் ஒரு பழைய உணவகம், ஜன்னலோர மேசை. வராமல் இருந்தால் சந்தேகம் வரும் என்று டோரீன் போனாள். அட்டை அவள் கோட்டுப் பையில் இருந்தது.

"ஏய், மூஞ்சி ஏன் இப்படி இருக்கு? யாராவது செத்துட்டாங்களா?" என்றாள் யோலண்டா, உட்காருவதற்கு முன்பே.

"தூங்கல. அவ்வளவுதான்."

"நான் கோடைலேர்ந்தே தூங்கல. எனக்கு ஒரு மெடல் குடு." டூனா மீன் சாண்ட்விச்சைப் பிரித்து, ஒரு கடி கடித்து, தட்டிலேயே வைத்துவிட்டாள். "முன்னெல்லாம் மே மாசம் மட்டும்தான் நகம் கடிப்பேன். இப்ப பாரு, கடிக்கறதுக்கு நகமே மிச்சமில்ல."

கையை நீட்டிக் காட்டினாள். நிஜமாகவே இல்லை.

"தினம் காலைல வண்டிய நிறுத்தறப்ப, அந்த இடத்துல இன்னும் என் பேரு எழுதியிருக்கான்னு பாத்துட்டுத்தான் இறங்கறேன். நேத்து என் பேருக்குப் பக்கத்துல ஒருத்தன் பெயின்ட் டப்பாவோட நிக்கறான். எனக்கு உயிரே போயிடுச்சு டோரீன். காருக்குள்ளயே உக்காந்துட்டேன், பத்து நிமிஷம். கடைசில பாத்தா, பக்கத்து இடத்துக்குக் கோடு போட வந்தவனாம்."

இருவரும் சிரித்தார்கள். டோரீன் கொஞ்சம் கூடுதலாகவே சிரித்தாள்.

"பிப்ரவரில நாம இருக்கோம்ல?"

இருபது வருடமாக யோலண்டா கேட்டால் டோரீன் சொல்வது ஒரே பதில்: 'மே மாசம் கேளு.' அதற்கு மேல் யோலண்டா கேட்க மாட்டாள். சிநேகிதம் அந்த ஒரு வேலியால்தான் பிழைத்திருந்தது. இப்போது மே இல்லை, வேலியும் இல்லை.

"போர்டு வாராவாரம் மாறுது யோலி."

"அது பதில் இல்லடி."

"எனக்கு என்ன தெரியும்? நான் சொல்றத ஒட்டறவ."

யோலண்டா அவளையே பார்த்தாள். "என் ஏழாவது அத்தியாயத்துல அந்தச் சின்ன நர்ஸ் பொண்ணுக்கு ஒரு காட்சி எழுதியிருக்கேன்," என்றாள் மெதுவாக. "என் வாழ்க்கைல அதுக்கு மேல நல்லா எழுத வராது எனக்கு. வெள்ளிக்கிழமை எடுக்கறோம். வெள்ளிக்கிழமை வரைக்கும் உயிரோட இருந்தா போதும்னு இருக்கு. நான் சின்னதாத்தான் கேக்கறேன், இல்ல?"

டோரீன் தட்டை அவள் பக்கம் நகர்த்தினாள். "சாப்பிடு," என்றாள். "ஆறிடும்."

டூனா சாண்ட்விச் ஆறுகிற பண்டம் இல்லை. யோலண்டாவும் அதைச் சொல்லவில்லை.

6

புதன்கிழமை பதினொன்றரை மணிக்கு டோரீன் கர்ட்டிஸின் கண்ணாடி அறைக்குள் போனாள். முந்தின இரவு அவள் என்ன யோசித்தாள், எப்படித் துணிந்தாள் என்று எனக்குத் தெரியாது. எழுதிப் பார்த்தேன், ஒட்டவில்லை. போனாள் என்பது மட்டும் தெரியும். கதவு சரியாகச் சாத்தவில்லை, என் மேசை வெளியேதான்.

அட்டையை அவன் மேசைமேல் வைத்தாள்.

"இது கீழ விழுந்துடுச்சு."

"எது?"

"டென் மைல் கிளினிக். நீங்க எடுக்கல, நானும் எடுக்கல. அதுவா விழுந்துடுச்சு. என் தப்புதான், நான் அன்னிக்கே கேட்டிருக்கணும். பன்னெண்டு மணிக்கு முன்னால மாத்திடுங்க கர்ட்டிஸ்."

அவன் முகத்தில் ஈயாடவில்லை. அட்டையைத் தொடக்கூட இல்லை.

"இல்ல," என்றான். "நான்தான் எடுத்தேன்."

"நீங்க எடுக்கல."

"மினிட்ஸ்ல என் பேரு இருக்கு டோரீன்." நான் அனுப்பிய கூட்டக் குறிப்பைத் திரையில் திறந்து அவள் பக்கம் திருப்பினான். 'வியாழன் 9: டென் மைல் கிளினிக் நீக்கம். முடிவு: கர்ட்டிஸ்.' "அதப் பாத்துத்தான் எனக்கே தெரிஞ்சுது, எல்லாரும் நான் எடுத்ததா நினைக்கறாங்கன்னு. சரி, அப்படின்னா நான்தான் எடுத்தேன்னு மேல போய்ச் சொல்லிட்டேன். நேத்து. ஏன் எடுத்தேன்னு மூணு காரணம் சொன்னேன். மூணுக்கும் தலையாட்டினாங்க. தைரியமான முடிவுன்னாங்க. என் வாழ்க்கைல இதுவரைக்கும் என்னை யாரும் தைரியசாலின்னு சொன்னதில்ல."

"என்ன காரணம் சொன்னீங்க?"

"வியாழக்கிழமை ஜனங்களுக்குச் சிரிக்கணும். ஆஸ்பத்திரி பாத்து அலுத்துட்டாங்க. மூணாவது..." நெற்றியைத் தேய்த்தான். "மூணாவது மறந்துடுச்சு."

"நூத்தி நாப்பது பேரு. நாளைக்குக் காலைல செட்ட பிரிச்சுடுவாங்க."

"எனக்குத் தெரியாதா?" குரல் கிறீச்சிட்டது. பிறகு தணிந்துபோனான். "இப்ப போய் அட்டை விழுந்துடுச்சுன்னு சொன்னா? போர்டு யார் பொறுப்பு? உங்க பொறுப்பு. விழுந்ததத் தைரியமான முடிவுன்னு சொன்னது யாரு? நான். முதல்ல நீங்க போவீங்க, பின்னாலயே நான் போவேன். பேசாம இருந்தா போர்டு இருக்கும். நீங்களும் இருப்பீங்க. நான் பாத்துக்கறேன்."

"எவ்வளவு நாளைக்கு?"

அவன் அதற்கு உண்மையாகவே பதில் சொல்ல முயன்றான், அதற்காக மட்டும் அவனை மன்னிக்கலாம். "தெரியல. எனக்கே யாரும் சொல்ல மாட்டேங்கறாங்க."

7

'முடிவு: கர்ட்டிஸ்.'

நான் முதலில் சொன்ன பொய் வரி அதுதான். எங்கள் கூட்டக் குறிப்பில் ஒவ்வொரு மாற்றத்துக்கும் நேரே, முடிவெடுத்தவர் யார் என்று ஒரு கட்டம் உண்டு. அதைக் காலியாக விட்டால் கணினி அனுப்ப விடாது, சிவப்பாகக் கோடு போடும். அன்றைக்கு யாரும் முடிவெடுக்கவில்லை. இருந்தாலும் ஏதாவது ஒரு பெயர் போட்டாக வேண்டும். இருப்பதிலேயே பெரிய பெயராகப் போட்டேன். பெரியவர்கள் பெயரைப் போட்டால் கேள்வி வராது.

சரி, நாற்காலி விஷயம். திங்கட்கிழமை கூட்டத்துக்கு எட்டு நிமிடம் முன்னால், அறையில் நான் மட்டும். டிக் என்று ஒரு சத்தம். பச்சையாக ஒன்று பலகையிலிருந்து நழுவி, மேசைக்கடியில் உருண்டது. பேனா மூடி என்று நினைத்தேன் என்று ஒன்பது வரைவுகளில் எழுதியிருக்கிறேன். பேனா மூடி என்று நான் நினைக்கவே இல்லை. டோரீன் வந்து பார்த்துக்கொள்வாள், நாம் அட்டையைத் தொடக் கூடாதே, சட்டமாயிற்றே என்று நினைத்தேன். அப்புறம் கூட்டம் ஆரம்பித்துவிட்டது. அப்புறம் எல்லோரும் தெரிந்த மாதிரி பேசினார்கள். அத்தனை பேருக்கும் தெரிந்த ஒன்று எனக்கு மட்டும் தெரியவில்லையோ என்று பயந்துபோனேன். கண்ணால் பார்த்தவன் நான்தான், நான்தான் பயந்தேன்.

இப்போது கதையின் முடிவுகள். மூன்று வைத்திருக்கிறேன்.

முதல் முடிவில் டோரீன் ஆறாம் மாடிக்கு ஓடுகிறாள். தலைவி கேட்டுச் சிரித்துவிடுகிறார். தொடர் பிழைக்கிறது, வெள்ளிக்கிழமை அந்தச் சின்ன நர்ஸின் காட்சி எடுக்கப்படுகிறது, எல்லோரும் அழுகிறார்கள். இதை என் மனைவியிடம் காட்டினேன். "இதுல நீங்க எங்க?" என்றாள். கிழித்துவிட்டேன்.

இரண்டாம் முடிவில் பன்னிரண்டு மணி அடிக்கிறது. வியாழன் காலை டோரீன் தளத்தில் நின்று, மருத்துவமனைச் சுவர்கள் வெறும் ஒட்டுப்பலகையாகச் சாய்வதைப் பார்க்கிறாள். நன்றாக வந்திருந்தது. எனக்கே கண் கலங்கியது. அதனால்தான் அதை நம்பவில்லை. எல்லாம் முடிந்துவிட்டது, இனி நான் செய்ய ஒன்றுமில்லை என்று அழுவதில் எவ்வளவு சௌகரியம்!

மூன்றாம் முடிவில் நான் எழுந்து நின்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி

(இந்த வாக்கியம் இதற்கு மேல் ஒரு வரைவிலும் போனதில்லை.)

நடந்தது என்ன என்று கேட்பீர்கள். சொல்ல மாட்டேன். சொன்னால் நீங்கள் என்னை மன்னித்துவிடுவீர்கள், அல்லது மாட்டீர்கள். எனக்கு இரண்டுமே பயமாக இருக்கிறது. இந்த இடம் வரைக்கும்தான் என்னால் வர முடிகிறது:

பதினொன்று நாற்பத்தொன்று. டோரீன் கண்ணாடி அறையிலிருந்து வெளியே வந்து நேராக என் மேசைக்கு வருகிறாள். அவளுக்குப் பின்னால் கர்ட்டிஸ் கண்ணாடியில் கையை வைத்துக்கொண்டு எங்களையே பார்க்கிறான். பச்சை அட்டையை என் விசைப்பலகைமேல் வைக்கிறாள்.

"சேதுராமன்."

"டோரீன், நான் வந்து..."

"உன் நாற்காலிலதான் இருந்துது. நீ எட்டு நிமிஷம் முன்னாலயே வந்து உக்காருற ஆளு. எனக்குத் தெரியும். நான் அதப் பத்திக் கேக்கப்போறதில்ல. நானும்தான் வாயத் திறக்கல."

அவள் கைப்பேசி அதிர ஆரம்பிக்கிறது. திரையில் யோலண்டாவின் பெயர். அவள் எடுக்கவில்லை.

"என் வார்த்தைய அவன் இல்லைன்னு சொல்லிட்டான். நான் சொன்னா, வேலைக்குப் பயந்து உளர்றேன்னுதான் மேல நினைப்பாங்க. மினிட்ஸ் மாறினா மாறும். மினிட்ஸ் எழுதறது நீ."

"என் வேலை போயிடும்."

"ஆமா," என்கிறாள் டோரீன். "என்னுதும்தான். சீக்கிரம்."

கைப்பேசி நின்றுவிட்டு, மறுபடி அதிர்கிறது. கர்ட்டிஸ் கண்ணாடியில் தட்டுகிறான். நான் எழுதிவிட்டேன். எழுதுவது எனக்கு எப்போதும் சுலபம்தான். ஒன்பது பேருக்கும், ஆறாம் மாடிக்கும் சேர்த்து முகவரி போட்டாயிற்று. இதோ திரையில் இருக்கிறது:

'திருத்தம். திங்கள் கூட்டம், வியாழன் 9 மணி. டென் மைல் கிளினிக் அட்டை தானாகக் கீழே விழுந்தது. அதை யாரும் நீக்கவில்லை. நான் பார்த்தேன்.'

பதினொன்று நாற்பத்து மூன்று. அனுப்பு என்ற பொத்தானின்மேல் என் விரல் இருக்கிறது. நான்கு வருடமாக அங்கேயே இருக்கிறது, கை நடுங்குகிறது. உங்களுக்கு நடுங்கவில்லை என்றால், நீங்கள் அழுத்துங்கள்.